கையில் 15 லட்சம்: பழைய ஸ்போர்ட்ஸ் காரா, ஆர்எக்ஸ் 100-ஆ, தங்கமா?

போன வாரம் சித்தி மகன் போன் பண்ணினான். வந்தவாசிப் பக்கம் இருந்த நிலத்தை விற்றதில் அவன் பங்காக 15 லட்சம் கைக்கு வந்திருக்கிறது. "அண்ணா, பேங்க்ல போட்டா என்ன பெருசா வந்துடப் போகுது, ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிப் போடலாம்னு பாக்குறேன். ஓட்டின மாதிரியும் இருக்கும், பத்து வருஷத்துல விலையும் ஏறிடும்ல?" என்றான். போனில் அரைகுறையாகத்தான் பதில் சொல்ல முடிந்தது. இதே யோசனையோடு சென்னையில் இன்னும் பல பேர் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், ஒன்பது வருஷம் முன்னால் நானும் இதே யோசனையில்தான் இருந்தேன், அதனால் அவனுக்குச் சொல்ல வேண்டியதை முழுதாக எழுதிவிடுகிறேன்.

முதலில், அவன் தலையில் இருக்கும் கதைகள் பொய்யில்லை. ஃபெராரி 250 ஜிடிஓ மொத்தமே 36 வண்டிதான் செய்தார்கள், அதில் ஒன்று 2018-ல் அமெரிக்காவில் 4 கோடியே 84 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. 2022-ல் மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் கூபே ஒன்று 13 கோடியே 50 லட்சம் யூரோவுக்குப் போனது, அது உலகத்திலேயே இரண்டுதான் இருக்கிறது. அவ்வளவு உயரத்துக்குப் போக வேண்டாம், 1998-ஓடு நின்றுபோன, காற்றிலேயே குளிரும் ஏர்கூல்டு இன்ஜின் போர்ஷே 911 வைத்திருந்தவர்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நன்றாகவே சம்பாதித்தார்கள். ஆனால் அங்கேயே இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. 1988-ல் என்சோ ஃபெராரி இறந்ததும் அந்த வண்டிகளின் விலை கண்மண் தெரியாமல் ஏறியது, கடன் வாங்கிக்கூட வாங்கினார்கள், 90-களின் தொடக்கத்தில் ஜப்பான்காரர்களின் பணம் வற்றியதும் அதே வேகத்தில் இறங்கியது. உச்சத்தில் வாங்கியவர்களில் பலர் பல வருஷம் காத்திருந்தும் போட்ட பணத்தைப் பார்க்கவில்லை.

அந்தச் சந்தை நம்மைத் தொடுவதும் இல்லை. பயன்படுத்திய காரை இங்கே கொண்டுவர வேண்டுமென்றால் அது தயாரித்து மூன்று வருஷத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. 50 வருஷம் தாண்டிய விண்டேஜ் வண்டிகளுக்கு மட்டும் தனி வழி இருக்கிறது. நடுவில் இருக்கும் 80-கள், 90-கள் ஜப்பான் வண்டிகள், அதாவது பையன்கள் போனில் வால்பேப்பராக வைத்திருக்கும் வண்டிகள் எல்லாம் சட்டப்படி புதிதாக உள்ளே வர வழியே கிடையாது. யாராவது "பேப்பர் எல்லாம் பக்காவா இருக்கு சார்" என்று வடகிழக்கு மாநில நம்பரோடு ஒன்றைக் காட்டினால் அந்த இடத்தைவிட்டு வந்துவிடுங்கள். 2025 செப்டம்பரில் கேரளத்தில் சுங்கத்துறை நடத்திய சோதனையில், பூடான் வழியாகக் கடத்தி வந்தவை என்று சொல்லி வண்டிகளை வாரிக்கொண்டு போனார்கள். காசு கொடுத்து வாங்கியவனின் வீட்டு வாசலில்தான் லாரி வந்து நின்றது.

சரி, அப்படியானால் சென்னையில் 15 லட்சத்துக்கு உண்மையில் என்னவெல்லாம் கிடைக்கும்? 2000-களில் வந்த ஜெர்மன் இரண்டு சீட்டர்கள், கூரை திறந்து மூடும் வகை. அப்புறம் நம் ஊரிலேயே செய்த வேகமான கார்கள். அப்புறம் இரண்டு ஸ்ட்ரோக் பைக்குகள். கொஞ்சம் பொறுமை இருந்தால் சென்னையிலேயே செய்த பழைய கார், ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. இதோடு எதையும் வாங்காமல் தங்கமாகவோ, பங்குச்சந்தைக் குறியீட்டோடு சேர்ந்து போகும் இண்டெக்ஸ் ஃபண்டாகவோ வைத்திருப்பதையும் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும், அதை விட்டுவிட்டு ஒப்பிட்டால் கணக்கு நியாயமாக வராது.

ஜெர்மன் வண்டியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதை நான் செய்து பார்த்திருக்கிறேன். 2016-ல் 11 லட்சத்துக்கு ஒரு 2006 மாடல் இரண்டு சீட்டர் வாங்கினேன். வெள்ளி நிறம், உள்ளே சிவப்புத் தோல் சீட். 2023-ல் பன்னிரண்டரை லட்சத்துக்கு விற்றேன். கேட்டவர்கள் எல்லாரும் "ஏழு வருஷம் ஓட்டிட்டு ஒன்றரை லட்சம் லாபத்துல வித்துட்டியே" என்றார்கள். டைரியில் எழுதி வைத்திருந்த கணக்கு வேறு. இன்சூரன்ஸ் ஏழு வருஷத்துக்கு 2 லட்சத்து 10 ஆயிரம். கூரையைத் தூக்கும் ஹைட்ராலிக் மோட்டார் ஒருமுறை போனது, 1 லட்சத்து 40 ஆயிரம். டயர் இரண்டு செட், 1 லட்சத்து 30 ஆயிரம், அதுவும் தேய்ந்து மாற்றவில்லை, ஓடாமல் நின்றே வெடிப்பு விட்டதால் மாற்றியது. பேட்டரி நான்கு, 48 ஆயிரம். சஸ்பென்ஷன் புஷ், ஆர்ம் எல்லாம் சேர்ந்து 90 ஆயிரம். ஏசி கம்ப்ரசர் 70 ஆயிரம். வருஷா வருஷம் ஆயிலும் சில்லறை வேலையும் 1 லட்சத்து 75 ஆயிரம். எங்கள் அபார்ட்மென்டில் ஒரு கார் நிறுத்தத்தான் இடம் என்பதால் பக்கத்துத் தெருவில் ஷெட் வாடகை மாதம் 3,000, ஏழு வருஷத்துக்கு 2 லட்சத்து 52 ஆயிரம். கூட்டினால் 11 லட்சத்து 15 ஆயிரம் வருகிறது. வண்டியை வாங்கிய விலையையே இன்னொரு தடவை கொடுத்திருக்கிறேன், பெட்ரோலை இதில் சேர்க்கவே இல்லை. அதே 11 லட்சத்துக்கு 2016-ல் தங்கம் வாங்கியிருந்தால் 2023-ல் ஏறத்தாழ இரண்டு மடங்காகியிருக்கும்.

இதில் எந்தச் செலவும் அநியாயமான செலவு இல்லை, அதைத்தான் தம்பி கவனிக்க வேண்டும். 10 வயது, 15 வயது வண்டிக்கு இதெல்லாம் வரத்தான் செய்யும். அந்தக் காலத்து ஜெர்மன் வண்டிகளில் இன்னும் பெரியதும் வரலாம். 1997-லிருந்து 2008 வரை வந்த போர்ஷே பாக்ஸ்டரிலும் அதே காலத்து 911-இலும் இன்ஜினுக்குள் ஐஎம்எஸ் பேரிங் என்று ஒன்று உண்டு. எல்லா வண்டியிலும் அது போவதில்லை, ஆனால் போனால் இன்ஜினையே கொண்டுபோய்விடும். 15 லட்சம் வைத்திருப்பவன் அந்த ஒரு பேரிங்குக்காக இன்னும் பல லட்சம் தனியாக எடுத்து வைக்க வேண்டும். அப்படி வைக்க முடியாதவனுக்கு அது முதலீடே கிடையாது.

அப்புறம் விற்பது. நான் விற்க ஐந்து மாதம் ஆயிற்று. பழைய வண்டிக்கு பேங்க் லோன் கிடைப்பது கஷ்டம், அதனால் முழுப் பணத்தையும் ரொக்கமாக வைத்திருப்பவன்தான் வாங்க முடியும். அப்படிப்பட்டவன், அதுவும் இரண்டு சீட்டர் வேண்டும் என்கிறவன், அதுவும் இந்த நிறம் பிடித்தவன், சென்னை, பெங்களூர், கொச்சி எல்லாம் சேர்த்தே எத்தனை பேர் இருப்பார்கள்? வந்து பார்த்த பதினான்கு பேரில் பத்து பேர் கூரையைத் திறந்து செல்ஃபி எடுத்துக்கொண்டு போனார்கள். தங்கத்தை பாண்டி பஜாரில் ஒரு மணி நேரத்தில் காசாக்கலாம். பிள்ளைக்கு காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டிய ஜூன் மாதத்தில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

இதோடு சென்னை என்கிற ஊரையும் கணக்கில் எடுக்க வேண்டும். டில்லியில் 15 வருஷப் பெட்ரோல் வண்டிக்குக் கொண்டுவந்த தடை இங்கே இல்லை, அது நமக்கு நல்லது. ஆனால் 15 வருஷம் ஆனதும் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், அதற்குப் பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை. 2022 ஏப்ரலில் அந்தக் கட்டணம் காருக்கு 600-லிருந்து 5,000 ஆயிற்று, இறக்குமதி வண்டி என்றால் 40,000. 20 வயது தாண்டிய வண்டிகளுக்கு 2025 ஆகஸ்டில் அதை மறுபடி இரட்டித்து 10,000, 80,000 என்று ஆக்கிவிட்டார்கள். பெசன்ட் நகரிலோ திருவான்மியூரிலோ கடலுக்கு நான்கு தெரு தள்ளி வண்டி நின்றால் உப்புக்காற்று கதவின் அடிப்பகுதியிலிருந்து வேலையைத் தொடங்கும். பெட்ரோல் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்துதான் வருகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் ஹோஸையும் கார்புரேட்டர் வாஷரையும் அரிக்கும், மாதத்துக்கு ஒருமுறை மட்டும் ஸ்டார்ட் செய்கிற வண்டியில் டேங்க் உள்ளேயே துரு கட்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரியது மழை. 2015 டிசம்பர், 2023 மிக்ஜாம் புயல், இந்த இரண்டிலும் முடிச்சூரிலும் வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் முங்கிய வண்டிகள் எல்லாம் குப்பைக்குப் போகவில்லை, கழுவித் துடைத்து மறுபடி விற்பனைக்கு வந்துவிட்டன. நான் ஒரு வண்டியைப் பார்க்கப் போனால் போனெட்டைத் திறக்கும் முன் டிரைவர் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுப்பேன். எப்போதும் உள்ளே சுருண்டு கிடக்கும் அந்தக் கடைசி இரண்டு அடியை யாரும் கழுவுவதில்லை. அங்கே பழுப்பாக ஒரு கோடு, நகத்தால் சுரண்டினால் மாவு மாதிரி வண்டல் உதிர்ந்தால், அவ்வளவுதான், அந்த வண்டி தண்ணீரில் நின்றிருக்கிறது. அடுத்து சீட்டைத் தாங்கும் போல்ட்டில் துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பேன். மூன்றாவது, கைக்குட்டையில் சுற்றிய ஒரு சின்னக் காந்தம், கதவுக்குக் கீழே இருக்கும் ரன்னிங் போர்டு ஓரமாக வைத்துக்கொண்டே போவேன், எங்கே ஒட்டாமல் வழுக்குகிறதோ அங்கே தகரம் இல்லை, ஓட்டையை அடைத்துப் பூசிய பட்டிதான் இருக்கிறது. ஆதம்பாக்கத்தில் ஒரு வீட்டில் இப்படிப் பார்த்தபோது இடது பக்கம் முழுக்க ஓர் இடத்தில்கூடக் காந்தம் ஒட்டவில்லை. பெயின்ட் மட்டும் கண்ணாடி மாதிரி இருந்தது.

நம் ஊர் வண்டிகளுக்கு வருகிறேன், எனக்கு இவற்றின் மேல் பாசம் அதிகம் என்பதை மறைக்கப் போவதில்லை. மறைமலைநகரில் செய்த ஃபோர்டு ஐகான் 1.6, திருவள்ளூரில் செய்த மிட்சுபிஷி லான்சர், 2000-களின் தொடக்கத்தில் வந்த ஹோண்டா சிட்டி விடெக், 2001-ல் 100 குதிரைத்திறனோடு வந்த ஃபியட் பாலியோ 1.6 ஜிடிஎக்ஸ், 2004-ல் டர்போ பெட்ரோலோடு வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ். வெளிநாட்டுக்காரன் இவற்றை ஸ்போர்ட்ஸ் கார் என்று ஒப்புக்கொள்ள மாட்டான். ஆனால் 2002-ல் காலேஜ் படித்தவனுக்கு ஈசிஆரில் தன் பஸ்ஸைத் தாண்டிப் போன வண்டிகள் இவைதான். அன்றைக்கு வாங்க முடியாதவனுக்கு இன்றைக்கு 45 வயது, கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. பழைய வண்டியின் விலை ஏறுவதற்கு நான் பார்த்தவரை முக்கியக் காரணம் இதுதான். எவ்வளவு வேகம், எத்தனை வண்டி செய்தார்கள் என்பதெல்லாம் அடுத்தபடி. இந்த ஊரில் அந்த வண்டிக்கு ஏங்கியவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதுதான் கணக்கு. ஜெர்மன் இரண்டு சீட்டருக்கு அப்படி ஏங்கியவர்கள் இங்கே குறைவு, அதைப் பார்த்தே இராத ஊரில் யார் ஏங்குவார்கள்? லான்சருக்கும் விடெக்குக்கும் ஏங்கியவர்கள் தெருவுக்கு ஒருவர் உண்டு.

இவற்றுக்கு மெக்கானிக்கும் இருக்கிறார்கள், அது பெரிய விஷயம். அந்தத் தொழிற்சாலைகளின் வண்டிகளையே கைவைத்துப் பழகியவர்கள் அம்பத்தூரிலும் கிண்டியிலும் சின்ன ஷெட் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். புதுப்பேட்டையில் காலை பத்து மணிக்குப் போனால் ஐகான் ஹெட்லைட், லான்சர் கதவு என்று தேடித் தருவார்கள், பேரம் பேசத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஆனால் வருஷம் ஆக ஆக அங்கேயும் குறைந்துகொண்டு வருகிறது. ஃபோர்டு மறைமலைநகரில் உற்பத்தியை நிறுத்திவிட்டது, மிட்சுபிஷி கார் விற்பனையும் இங்கே நின்றுவிட்டது, அதனால் இடித்து நசுங்கிய பம்பருக்கு மாற்று கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம். என் நண்பன் ஒருவனின் வண்டி இப்படி ஒரு சாமானுக்காக ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஏழு மாதம் கிடந்தது, திரும்ப எடுக்கும்போது டேஷ்போர்டு வெயிலில் பிளந்திருந்தது, ஸ்பேர் டயரைக் காணவில்லை.

இந்த வகையில் பணம் பெருகுமா என்றால், பெரும்பாலும் பெருகாது, ஆனால் கரையவும் கரையாது. 3 லட்சத்துக்குள் நல்லதாக ஒன்றை வாங்கி ஐந்து வருஷம் ஓட்டிவிட்டு வாங்கிய விலைக்கே விற்றவர்களை எனக்குத் தெரியும். செலவு உண்டு, ஆனால் ஜெர்மன் வண்டிக்கு ஆனதில் பாதிகூட ஆகாது. மாற்றம் செய்யாத வண்டியாகப் பாருங்கள். பெரிய சைலன்சர், வேறு இன்ஜின், வேறு அலாய் வீல் எல்லாம் போட்டவன் அதற்குக் கொடுத்த காசைக் கேட்பான், அடுத்து வாங்குபவன் அதற்குத் தர மாட்டான். கம்பெனி மியூசிக் சிஸ்டமும் முதல் சாவி இரண்டும் சர்வீஸ் புத்தகமும் இருக்கிற வண்டிக்கு 20 ஆயிரம் கூடக் கொடுத்தாலும் தப்பில்லை.

பைக் பக்கம் போனால் கதை இன்னும் தெளிவு. யமஹா ஆர்எக்ஸ் 100 1985-லிருந்து 1996 வரை வந்தது, 98 சிசி. ராஜ்தூத் 350 1983-லிருந்து 1989 வரை, இரண்டு சிலிண்டர், ஆறு கியர், வந்த காலத்தில் பெட்ரோல் குடிக்கிறது என்று ஒதுக்கிய வண்டி. இன்று இந்த இரண்டும்தான் இந்தியாவில் எவருமே மறுக்க முடியாத அளவுக்கு விலை ஏறியவை. காரணம் மேலே சொன்ன அதே ஏக்கம்தான், அதோடு சாமான் கிடைக்கிறது, ஷெட் வாடகை கிடையாது, மாடிப்படிக்குக் கீழே நிறுத்தலாம், மழை வந்தால் இரண்டு பேர் தூக்கி வராந்தாவில் வைத்துவிடலாம். வேளச்சேரிக்காரர்கள் மழை அறிவிப்பு வந்ததும் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்துகிறார்கள் இல்லையா, பைக்குக்கு அந்தப் பாடு இல்லை.

ஆனால் விலை ஏறிய இடத்தில் ஏமாற்று வேலையும் ஏறும். ஆர்எக்ஸ் 135 இன்ஜினை மாட்டி 100 என்று விற்பது, சேஸிஸ் நம்பரைத் தேய்த்து மறுபடி பஞ்ச் அடிப்பது, சிலிண்டரை கடைசி அளவு வரை கடைந்து பெரிதாக்கிவிட்டு "ஸ்டாண்டர்ட் பிஸ்டன் சார்" என்பது எல்லாம் சாதாரணம். சேஸிஸ் நம்பர் எழுத்துகளை விரலால் தடவிப் பாருங்கள், ஓரம் கூர்மையாக, சுற்றிலும் தகரம் பளபளவென்று இருந்தால் சந்தேகப்படுங்கள், முப்பது வருஷ நம்பர் மழுங்கித்தான் இருக்கும். ஆர்.சி.யில் இருக்கும் இன்ஜின் நம்பரோடு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட்டுப் பார்த்த பிறகே முன்பணம். இப்போது உச்ச விலையில் வாங்கினால் இன்னும் எவ்வளவு ஏறும் என்பதும் யோசிக்க வேண்டியது. ஆர்எக்ஸுக்கு ஏங்கிய தலைமுறைக்கு இன்றைக்கு ஐம்பதைத் தாண்டுகிறது, அவர்கள் முழங்கால் வலியோடு எத்தனை வருஷம் கிக்கர் உதைப்பார்கள்?

ஸ்டாண்டர்ட் ஹெரால்டைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் போக மனசு வரவில்லை. 1961-லிருந்து இங்கே சென்னையில், வண்டலூர்ப் பக்கம் செய்த வண்டி. இங்கிலாந்தில் ஸ்பிட்ஃபயர் என்கிற ஸ்போர்ட்ஸ் காரை இதே ஹெரால்டின் சேஸிஸை அடிப்படையாக வைத்துத்தான் செய்தார்கள், இரண்டையும் வரைந்தவர் ஒரே ஆள், இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. போனெட் முழுசாக, ஃபெண்டரோடு சேர்த்து முன்பக்கம் கவிழும். கவிழ்த்துவிட்டு முன்டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு பிளக்கையும் பாயின்ட்டையும் சரி செய்யலாம், இன்ஜின் பக்கத்தில் திண்ணையில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். 50 வருஷம் தாண்டியதால் 2021 விதிப்படி விண்டேஜ் பதிவு கிடைக்கும், நம்பரில் விஏ என்ற எழுத்து வரும், முதல் பதிவுக்குக் கட்டணம் 20,000, பத்து வருஷம் செல்லும். அந்தப் பதிவோடு தினமும் ஆபீசுக்கு ஓட்ட முடியாது, கண்காட்சி, ஊர்வலம், பெட்ரோல் போட, பழுது பார்க்க என்றுதான் ரோட்டில் எடுக்க முடியும். வண்டி விலையைவிட அதைச் சீராக்கும் செலவு அதிகம், டிங்கரிங் செய்பவர் நல்லவராக அமைந்தால் ஒரு வருஷம், இல்லாவிட்டால் மூன்று. பணத்துக்காக இதைத் தொடாதீர்கள். கோயம்புத்தூரில் ஜீடி கார் மியூசியத்துக்கு ஒரு நாள் போய்ப் பழைய வண்டிகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த பிறகும் ஆசை அடங்கவில்லை என்றால் வாங்குங்கள்.

கடைசியாகத் தங்கம். 2015-ல் சென்னையில் ஒரு பவுன் 20 ஆயிரம் சுற்றி இருந்தது, 2025 அக்டோபரில் 90 ஆயிரத்தைத் தாண்டியது. இதே மாதிரி அடுத்த பத்து வருஷமும் ஏறும் என்று யாரும் எழுதித் தர முடியாது, ஆனால் தங்கத்துக்கு டயர் மாற்ற வேண்டாம். இண்டெக்ஸ் ஃபண்டும் அப்படித்தான், ஏறும் இறங்கும், ஷெட் வாடகை கேட்காது. காருக்குப் பரிந்து பேசுபவர்கள் வரியைச் சொல்வார்கள், சொந்தமாக ஓட்டும் காரை லாபத்துக்கு விற்றால் பொதுவாக மூலதன ஆதாய வரி வராது, தங்கத்துக்கும் ஃபண்டுக்கும் 12.5 சதவீதம் உண்டு என்று. உண்மைதான். ஆனால் லாபம் வந்தால்தானே அந்தப் பேச்சு? அதோடு முதலீடாகவே வாங்கிப் பூட்டி வைத்த வண்டியைச் சொந்த உபயோகம் என்று சொல்ல முடியுமா என்பதை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அதனால் தம்பிக்கு நான் சொல்வது இது. 12 லட்சத்தைத் தங்கம், ஃபண்டு என்று பிரித்துப் போட்டுவிட்டு மறந்துவிடு. மீதி 3 லட்சம் திரும்பி வராது என்று வைத்துக்கொண்டு, வீட்டில் அவளிடமும் சொல்லிவிட்டு, அதற்குள் ஒரு நல்ல ஐகானோ லான்சரோ விடெக்கோ பார். வாங்க இரண்டு லட்சம், கையோடு செய்ய வேண்டிய வேலைக்கு ஒரு லட்சம். இன்சூரன்ஸ் எடுக்கும்போது ஐந்து வயது தாண்டிய வண்டியின் மதிப்பைப் பேசித்தான் முடிவு செய்வார்கள், அவர்கள் போட்டதை அப்படியே ஒப்புக்கொள்ளாமல் போட்டோ, பில் எல்லாம் காட்டி உயர்த்திக் கேள். வாங்கினால் வாரம் ஒரு முறையாவது இருபது கிலோமீட்டர் ஓட்டு, நின்றால்தான் வண்டி கெடும். என் ஜெர்மன் வண்டியை ஏழு வருஷத்தில் 9,000 கிலோமீட்டர்தான் ஓட்டினேன், அதில் பாதிச் செலவு ஓட்டாததால் வந்தது.

மகாபலிபுரம் வரை அதிகாலை ஐந்தரைக்குக் கூரையைத் திறந்துகொண்டு போன அந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்கு நான் கொடுத்த விலை அது என்று இப்போதும் நினைக்கிறேன், வருத்தம் கிடையாது. கோவளம் தாண்டும்போது உப்புவாடையும் சவுக்குத் தோப்பின் குளிர்ச்சியும் ஒன்றாக உள்ளே வரும், பக்கத்து சீட்டில் என் மகள் போர்வையைச் சுற்றிக்கொண்டு தூங்குவாள். ஆனால் அந்த வரவைப் பாஸ்புக்கில் தேடக் கூடாது.

நங்கநல்லூரில் ஒரு ஐகான் இருக்கிறதாம், ஒரே ஓனர், ரிட்டயர்டு ஆசிரியர், சர்வீஸ் புத்தகம் இருக்கிறது என்கிறார்கள். வரும் சனிக்கிழமை காலையில் தம்பியை வரச் சொல்லியிருக்கிறேன். டார்ச்சும் காந்தமும் நான் எடுத்து வருகிறேன், முன்பணம் மட்டும் அவன் கொண்டுவர வேண்டாம்.